இங்கே கணிதம் கண்டறியப்பட்டுள்ளது

அந்தச் சரிவைக் கட்டியபோது அதற்குள் கணிதம் இருப்பது கொத்தனாருக்குத் தெரியாது. பின்னால் நடந்த விசாரணைகளிலும் அவர் இதையே சொன்னார். எல்லோரும் நம்பினார்கள். அதுதான் சிக்கலாகிப் போனது.

கட்டியது அக்காவுக்காக. அக்கா அந்த வட்டார மருத்துவமனையில் மருந்து கொடுப்பவர். பத்தொன்பது வருடமாக ஒரு சின்ன ஜன்னலுக்குப் பின்னால் உட்கார்ந்து, சீட்டைப் பார்த்து மருந்தை எடுத்து, எப்போது சாப்பிட வேண்டும் என்று இரண்டு முறை சொல்லி அனுப்புவார். போன வருடம் அவர் முதுகெலும்பில் ஒரு கட்டி வந்தது. அறுவை செய்து எடுத்தார்கள். உயிர் மிஞ்சியது, கால் மிஞ்சவில்லை. ஆறு மாதம் வீட்டுச் சுவரைப் பார்த்தபடி இருந்துவிட்டு, சக்கர நாற்காலியில் வேலைக்குத் திரும்பினார். உட்கார்ந்து செய்கிற வேலைதான். ஆனால் உட்காரும் இடத்துக்குப் போய்ச் சேர வாசலில் நான்கு படி ஏற வேண்டும்.

முதல் சில வாரங்கள் காவலாளியும் துப்புரவு செய்கிறவரும் நாற்காலியோடு அவரைத் தூக்கி மேலே வைத்தார்கள். இருவரும் நல்ல மனிதர்கள். முகம் சுளிக்கவே இல்லை. அக்காவுக்குத்தான் தாங்கவில்லை.

"தம்பி, தினமும் ரெண்டு தடவை என்னை பீரோ மாதிரி தூக்குறாங்கடா. 'மெதுவா, மெதுவா, மூலை இடிக்கும்'னு வேற சொல்லிக்கிறாங்க. எனக்கு மூலை எங்கடா இருக்கு?"

கொத்தனார் பெரிய டாக்டரிடம் போய், வாசலில் ஒரு சரிவு கட்டலாமா என்று கேட்டார். ஓய்வு பெற இரண்டு வருடம் இருந்த பெரிய டாக்டர், அவரை நிமிர்ந்தே பார்க்காமல் சொன்னார்: "கட்டிடுங்க. என்கிட்ட கேட்டதா மட்டும் சொல்லிடாதீங்க. கேட்டா நான் மேல கேக்கணும். மேல கேட்டா பதில் வரும்போது நான் இருக்க மாட்டேன்."

அடுத்த ஞாயிற்றுக்கிழமை கொத்தனார் இரண்டு சாரப்பலகைகளை ஒட்டிப்போட்டு, நடுவில் செங்கல் முட்டுக்கொடுத்து, மேல்படியிலிருந்து தரைக்குச் சாய்த்தார். அக்கா நாற்காலியை உருட்டி ஏறிப் பார்த்தார். பாதியில் மூச்சு வாங்கியது. கொத்தனார் பலகையின் அடியை இன்னும் ஓரடி தள்ளி வைத்தார். மறுபடி ஏறினார். மறுபடி தள்ளினார். இப்படியே தள்ளித் தள்ளி, ஓரிடத்தில் அக்கா மேலே வந்து நின்று, "இது போதும்டா. இதுல வந்தா வந்து சேர்ந்ததும் உன்னைத் திட்டக்கூட எனக்குத் தெம்பு இருக்கும்" என்றார். கொத்தனார் அந்த இடத்தில் சாக்பீஸால் குறி போட்டார்.

குறி வெளிக்கதவைத் தாண்டித் தெருவில், லாரி போகிற இடத்தில் விழுந்திருந்தது. படி நான்கும் சேர்ந்து இரண்டடி உயரம். குறி இருபத்துநான்கு அடி தள்ளி. முற்றமோ பதினேழு அடிதான். கொத்தனார் காலி சிமெண்ட் சாக்கிலிருந்து ஒரு பட்டையைக் கிழித்து இரண்டாக மடித்துப் பார்த்தார். வெளியே போகப் பன்னிரண்டு அடி, நாற்காலி திரும்ப ஐந்தடி சமதளம், திரும்பி மேலே வரப் பன்னிரண்டு அடி. முற்றத்துக்குள் அடங்கிவிட்டது.

மூன்று ஞாயிற்றுக்கிழமைகளில் கட்டி முடித்தார். கைப்பிடிக்குப் பழைய குழாய் போட்டார். அக்கா ஏறினார். பிறகு முழங்கால் வலிக்காரர்கள் ஏறினார்கள். பிள்ளை வண்டிகள் ஏறின. தண்ணீர்க் கேன் போடுகிறவர் இரண்டிரண்டாக உருட்டிக்கொண்டு ஏறினார். ஒரு மாதத்தில், பழக்கத்தை விட முடியாத பெரிய டாக்டரைத் தவிர வேறு யாரும் படியை மிதிக்கவில்லை.

இது இப்படியே இருந்திருக்கும். மறைபயன் கணித ஆணையத்தின் கண்டறியும் அலுவலருக்கு இருமல் வராமல் இருந்திருந்தால்.

அன்றாட வாழ்க்கையில் கணிதம் எங்கெல்லாம் மறைந்திருந்து பயன் தருகிறது என்று தேடிப் பிடித்து மக்களுக்குக் காட்டுவதற்காக அந்த ஆணையத்தை எட்டு வருடம் முன்பு தொடங்கியிருந்தார்கள். கணக்கு என்றாலே ஓடுகிற பிள்ளைகள் ஒரு நாள் திரும்பிப் பார்ப்பார்கள் என்பது நோக்கம். நல்ல நோக்கம்தான். அது எழுதப்பட்ட கோப்பு எங்கே என்பது மட்டும் இப்போது யாருக்கும் தெரியாது. வருடத்துக்கு நானூறு மறைபயன்கள் கண்டுபிடிக்க வேண்டும் என்று இலக்கு வைத்திருந்தார்கள். அந்த வருடம் ஆறு மாதம் முடிந்தபோது கிடைத்தவை நூற்று முப்பத்தேழு. அவற்றில் முப்பத்தொன்று தலைவர் வீட்டுச் சமையலறையில் கிடைத்தவை.

கண்டறியும் அலுவலர் ஒல்லியான, எப்போதும் தூக்கம் போதாத முகமுள்ள மனிதர். கல்யாணமாகி இரண்டு வருடம், கைக்குழந்தை உண்டு, மேலதிகாரி உண்டு. இருமல் மருந்துக்காக வந்தவர் சரிவில் ஏறினார். பாதியில் நின்றார். இறங்கினார். மறுபடி ஏறினார். பையிலிருந்து நாடாவை எடுத்துக் குனிந்தார்.

அக்கா ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டுத் தம்பிக்குப் போன் செய்தார். "ஒருத்தர் வந்து உன் சரிவை மோந்து பாத்துட்டு இருக்கார். சீக்கிரம் வா."

கொத்தனார் வந்தபோது அலுவலருக்கு இருமல் நின்றுபோயிருந்தது. அவ்வளவு பரவசம்.

"இதுல கணக்கு இருக்கு, தெரியுமா கொத்தனாரே?"

"கணக்கா? இல்லைங்களே. மணல், ஜல்லி, சிமெண்ட்தான் போட்டேன். அடியில கொஞ்சம் கம்பி."

"ஒண்ணுக்குப் பன்னிரண்டு! அச்சு அசலா ஒண்ணுக்குப் பன்னிரண்டு! எப்படிக் கொண்டு வந்தீங்க?"

"அக்காவுக்கு மூச்சு வாங்காத இடத்துல நிறுத்துனேங்க. வேற ஒண்ணும் பண்ணலை."

அலுவலர் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டார்: 'கணிதம் முழுமையாக மறைந்துள்ளது. கட்டியவருக்கே தெரியவில்லை.' ஆணையத்தின் தரவரிசையில் இதுதான் முதல் வகை.

அன்று பிற்பகலே இரண்டு பேர் வந்து சரிவின் இரு முனைகளிலும் கம்பித் தடுப்பு வைத்தார்கள். நடுவில் ஒரு பலகை நட்டார்கள். 'இங்கே கணிதம் கண்டறியப்பட்டுள்ளது. சரிபார்ப்பு முடியும்வரை மிதிக்காதீர்.'

ஐந்து மணிக்கு அக்கா வேலை முடிந்து வெளியே வந்தார்.

"நான் எப்படி சார் கீழ போறது?"

"பக்கத்துல படி இருக்கே மேடம்" என்று சொல்லிவிட்டுத்தான் அலுவலர் நாற்காலியைப் பார்த்தார். காது மடல் சிவந்துபோயிற்று. "மூணே நாள் மேடம். அதுக்குள்ள முடிஞ்சிடும்."

மூன்று நாள் மூன்று வாரமாயிற்று. காவலாளியும் துப்புரவு செய்கிறவரும் மறுபடி தூக்கத் தொடங்கினார்கள். மூலை இடிக்கும் என்று மட்டும் இப்போது சொல்வதில்லை. அக்கா முதல் நாளே அதைத் தடை செய்துவிட்டார்.

கொத்தனார் ஆணையத்தின் அலுவலகத்துக்குப் போனார். மூன்றாவது மாடி. லிஃப்ட் கதவில், 'எத்தனை பேரைத் தாங்கும் என்பது ஆய்வில் உள்ளது' என்று எழுதி ஒட்டியிருந்ததால் எல்லோரும் படியேறினார்கள். மேலே வரிசை எண் கொடுக்கும் பெண் ஒரு சீட்டை நீட்டினார். அதில் எண் இல்லை. 'உங்களுக்கு முன் வந்தவரின் எண்ணோடு ஏழைக் கூட்டி, பாதியாக்கி, அதில் இரண்டைக் கழித்தால் வருவது உங்கள் எண்' என்று இருந்தது. கொத்தனார் முன்னால் இருந்தவரிடம் அவருடைய எண்ணைக் கேட்டார். அவர் தனக்கு முன்னால் இருந்தவரைக் காட்டினார். அந்தப் பெரியவர் மூன்று நாளாக வருகிறாராம். "எண்ணை விடுங்க. வந்த வரிசையில உக்காருங்க. நாங்க எல்லாம் அப்படித்தான் போய்ட்டு இருக்கோம்" என்றார். அப்படித்தான் போனார்கள். ஒருவருக்கும் தகராறு வரவில்லை.

இணை இயக்குநர் கொத்தனார் நிரப்பிக் கொடுத்திருந்த படிவத்தைப் புரட்டிப் பார்த்துக் கண்ணாடியைக் கழற்றினார்.

"'பயன்படுத்திய தேற்றம்'னு கேட்டிருக்கோம். காலியா விட்டிருக்கீங்க."

"நான் நூல், தூக்குக்குண்டு, ரசமட்டம் இதுதான் பயன்படுத்தினேங்க."

"அதெல்லாம் கருவி. தேற்றம் இல்லாம கருவி எப்படி வேலை செய்யும்?"

"செஞ்சுதுங்களே."

"அது தற்செயல்" என்று இணை இயக்குநர் வருத்தத்தோடு சொன்னார். "ஒரு நாட்டுல சரிவெல்லாம் தற்செயலாச் சரியா இருந்தா அந்த நாடு எப்படி முன்னேறும்?"

 கொத்தனார் வந்தது வேறு விஷயமாக. "ஐயா, சரிபார்க்கிறது சரிபாருங்க. அதுவரைக்கும் எங்க அக்கா அதுல போய்ட்டு வந்துட்டு இருக்கட்டுமே. ஒரு நாளைக்கு ரெண்டு தடவைதான்."

"நீங்க ஒண்ணு புரிஞ்சுக்கணும். இந்தச் சாய்தளத்துல எவ்வளவு பயன் இருக்குன்னு நாங்க மக்களுக்குக் காட்டணும். மக்கள் அதைப் பயன்படுத்திக்கிட்டே இருந்தா எப்படிக் காட்டுறது? கூட்டம் மறைக்குதே!"

கொத்தனார் தலையை ஆட்டினார். வாழ்நாள் முழுக்க மேஸ்திரிகளுக்கும் வீட்டுச் சொந்தக்காரர்களுக்கும் ஆட்டி ஆட்டிப் பழகிய தலை. யோசிப்பதற்கு முன்பே ஆடிவிடும்.

அடுத்த மாதம் விழா நடந்தது. பதினேழு அடி முற்றத்துக்கு இருநூறு நாற்காலிகள் வந்து இறங்கின. எத்தனை அடங்கும் என்று யாரும் பார்க்கவில்லை. நூற்று ஐம்பது நாற்காலிகள் தெருவில் நின்றன. நோயாளிகள் நாற்காலிகளுக்கிடையே நெளிந்து உள்ளே போனார்கள். அக்காவைத் தூக்கிக்கொண்டு நுழைய வழியில்லாததால் அவர் தெருவிலேயே, கடைசி வரிசைக்குப் பின்னால், தன் சொந்த நாற்காலியில் இருந்தார்.

ஆணையத் தலைவர் பேசினார். நாற்பது நிமிடம். அவர் கணிதத்தில் பட்டம் பெற்றவரில்லை, கணிதத்தை நேசித்துப் பட்டம் பெற்றவர் என்று அவரை அறிமுகப்படுத்தியிருந்தார்கள்.

"நண்பர்களே! இந்தச் சாய்தளத்தைப் பாருங்கள். போன மாதம்வரை இதில் தினமும் இருநூற்று நாற்பது பேர் ஏறி இறங்கினார்கள். அவர்களில் ஒருவராவது இதில் கணிதம் இருப்பதை அறிந்தார்களா? இல்லை! அறியாமலே ஏறினார்கள், அறியாமலே இறங்கினார்கள். என்ன ஒரு அவலம்! இன்று ஒருவர்கூட ஏறவில்லை. ஆனால் எல்லோரும் அறிந்திருக்கிறோம். இதுதான் ஆணையத்தின் சாதனை. இதில் ஏறுவது எளிதாக இருந்தது. அந்த எளிமையை நாங்கள் முற்றிலுமாக அகற்றியிருக்கிறோம்!"

கைதட்டல் அடங்க நேரமாயிற்று. தலைவர் தண்ணீர் குடித்துவிட்டுத் தொடர்ந்தார். "சிலர் கேட்கிறார்கள், கணிதம் படித்தவர்கள் ஏன் இப்படி ஒரு சாய்தளம் கட்டவில்லை என்று. நாங்கள் கட்டத் தொடங்கினால் பிறகு கண்டுபிடிப்பது யார்?"

கொத்தனாருக்கு ஒரு கேடயம் கொடுத்தார்கள். சிமெண்ட் மூட்டை தூக்கிய கைக்கே அது கனமாக இருந்தது. கூடவே ஓர் உறை. பிரித்துப் பார்த்தால், பன்னிரண்டு வாரப் பயிற்சி வகுப்புக்கு வரச்சொல்லி உத்தரவு. கட்டியவர் தான் பயன்படுத்திய கணிதத்தை அறிந்து, தேர்வில் தேறி, 'தகுதியுள்ள பயனர்' ஆனால்தான் சரிபார்ப்பு முடிந்து தடுப்பை எடுப்பார்களாம்.

"போடா, போய்ப் படிச்சுட்டு வா" என்றார் அக்கா. "சின்ன வயசுல நீ கணக்கு வகுப்புன்னா வயித்து வலின்னு படுத்துப்ப. அதான் தேடிக்கிட்டு வந்துடுச்சு."

வகுப்பு எடுத்தவர் ஒரு டீச்சர். பகலில் பள்ளியில் எண்பது பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்துவிட்டு, மாலையில் ஆணையம் பிடித்து அனுப்பும் பெரியவர்களுக்குச் சொல்லிக் கொடுப்பவர். தொண்டை எப்போதும் கம்மியிருக்கும். வகுப்பில் கொத்தனாரோடு ஒரு தச்சரும், பாதாளச் சாக்கடை மூடிகளை வட்டமாகச் செய்ததற்காகப் பிடிபட்ட ஒரு வார்ப்புத் தொழிலாளியும், பேருந்தில் கூட்டத்தைப் பார்த்தே எத்தனை பேர் என்று சொல்லிவிடும் ஒரு நடத்துநரும் இருந்தார்கள். பாடப்புத்தகத்தின் முதல் நூறு பக்கம் ஆணையத்தின் வரலாறு. டீச்சர் அதை ஒட்டுமொத்தமாகத் தள்ளிவிட்டுக் கரும்பலகையில் ஒரு முக்கோணம் வரைந்தார்.

"இது உங்க படி. இது தரை. இந்தச் சாய்ந்த கோடு உங்க சரிவு. உயரம் ஒண்ணுன்னா, தரை பன்னிரண்டு. இதைவிடக் கம்மியா விட்டா கை வலிக்கும், மூச்சு வாங்கும். எத்தனையோ பேர் எத்தனையோ இடத்துல ஏத்திப் பாத்து, கடைசியில இந்த இடத்துல வந்து நின்னிருக்காங்க. நீங்க உங்க அக்கா மூச்சை வச்சுப் பாத்து அதே இடத்துல வந்து நின்னிருக்கீங்க."

கொத்தனார் எழுந்து போய் அந்தச் சாய்ந்த கோட்டை விரலால் தடவிப் பார்த்தார். "அப்போ நாலடி உயரம்னா நாப்பத்தெட்டு அடி?" என்றார்.

"ஆமா."

"பலகை போட்டுப் பாக்காமலே சொல்லிடலாமா?"

"அதுக்குத்தான் கணக்கு."

கொத்தனாருக்குள் என்னவோ ஆனது. முப்பது வருடமாகப் பலகையைத் தள்ளித் தள்ளி, கயிற்றை இழுத்து இழுத்து, இடித்துக் கட்டி, கட்டி இடித்து அவர் சேர்த்து வைத்திருந்ததெல்லாம் அந்த ஒரு கோட்டில் இருந்தது. முன்பே யாராவது சொல்லியிருந்தால் எத்தனை செங்கல் மிஞ்சியிருக்கும்! வீட்டுக்கு வந்து செருப்பைக்கூடக் கழற்றாமல், "அக்கா, உன் மூச்சுக்கு ஒரு எண்ணு இருக்காம்" என்றார்.

அவர் முகத்தைப் பார்த்து அக்காவுக்குச் சிரிப்பு வந்தது. "நல்லது. அந்த எண்ணு மேல ஏறி நான் வேலைக்குப் போக முடியுமான்னு டீச்சரைக் கேட்டியா?"

சரிவின்மேல் ஆணையம் இப்போது கண்ணாடிக் கூரை போட்டிருந்தது. பள்ளிகளிலிருந்து பிள்ளைகளை வரிசையாகக் கூட்டி வந்து காட்டினார்கள். கையில் ஒரு வினாத்தாள் கொடுத்தார்கள். 'இந்தச் சாய்தளத்தால் ஒரு நாளில் பயனடைவோர் எத்தனை பேர்?' என்று ஒரு கேள்வி. ஒரு சிறுமி கம்பித் தடுப்பைப் பார்த்தாள், படியில் அக்காவைத் தூக்கிக்கொண்டு போகிறவர்களைப் பார்த்தாள், 'பூஜ்ஜியம்' என்று எழுதினாள். தவறு. சரியான விடை இருநூற்று நாற்பது.

தேர்வு நாளன்று காலையிலிருந்து மழை. கொத்தனார் முழுக்கைச் சட்டை போட்டுக்கொண்டு போனார். முதல் பத்துக் கேள்விகள் ஆணையத் தலைவரின் உரைகளிலிருந்து. பதினோராவது கேள்வி: இரண்டரை அடி உயர மேடைக்கு இருபது அடி நீள முற்றத்தில் சாய்தளம் அமைப்பது எவ்வாறு?  கொத்தனார் கேள்வித்தாளின் ஓரத்தைக் கிழித்தார், மடித்தார், திரும்ப ஐந்தடி விட்டார், விடையை எழுதிவிட்டார்.

அதே நேரத்தில் மருத்துவமனை வாசலில் காவலாளியின் கால் மூன்றாவது படியில் வழுக்கியது. நல்ல மனிதர், நாற்காலியை விடவே இல்லை. நாற்காலியோடு சேர்ந்து அவரும் விழுந்தார். அக்காவின் வலது மணிக்கட்டு அடியில் மாட்டிக்கொண்டது. இரண்டு எலும்பும் முறிந்தன.

கொத்தனார் மருத்துவமனைக்கு ஓடி வந்தபோது அக்கா மாவுக்கட்டோடு ஒரு கட்டிலில் உட்கார்ந்திருந்தார். பக்கத்துக் கட்டிலில் காவலாளி, தலையில் கட்டு, கண்ணில் தண்ணீர்.

"அழாதீங்கப்பா. உங்க தப்பு இல்லை" என்று அக்கா அவரிடம் சொல்லிக்கொண்டிருந்தார். தம்பியைப் பார்த்ததும் இந்தப் பக்கம் திரும்பினார். "எழுதிட்டியாடா?"

"எழுதிட்டேன்க்கா."

"கண்ணாடிக்கு அந்தப்பக்கம் சரிவு நனையாம இருக்குடா. நாங்க நனைஞ்சுக்கிட்டே அதைப் பாத்துட்டுத்தான் விழுந்தோம்."  கொத்தனார் அக்காவின் இடது கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கோபப்பட வேண்டும் என்று தோன்றியது. யார்மேல் என்று யோசித்து யோசித்து அலுத்துப்போனது. அத்தனை பேரும் மரியாதையாகத்தான் பேசியிருந்தார்கள்.

பத்து நாளில் ஆணையத்திலிருந்து இரண்டு கடிதங்கள் வந்தன. முதலாவது வருத்தக் கடிதம். ஈரப்படியில் நாற்காலியைத் தூக்கும்போது விழுவதற்கான வாய்ப்பு ஆயிரத்தில் ஏழு என்றும், அந்த நாள்வரை தூக்கிய எண்ணிக்கையைப் பார்க்கும்போது இது எதிர்பார்க்கக்கூடியதுதான் என்றும், எனவே கவலைகொள்ள வேண்டாம் என்றும் எழுதியிருந்தது. இரண்டாவது தேர்வு முடிவு. முப்பத்துநான்கு. தேற முப்பத்தைந்து வேண்டும். பதினோராவது கேள்விக்குப் பக்கத்தில் சிவப்பு மையில்: 'விடை சரி. வழிமுறை காணவில்லை.' அடுத்த தேர்வு அடுத்த வருடம்.

கொத்தனார் கடிதத்தை மடித்துப் பையில் வைத்தார். அடுத்த நாள் காலை தச்சரையும் கூட்டிக்கொண்டு மருத்துவமனையின் பக்கவாட்டுச் சந்துக்குப் போனார். அங்கே பண்டக அறை வழியாக உள்ளே போக ஒரு கதவு உண்டு. அதற்கும் அதே இரண்டடி உயரம். சந்து நீளம்தான், மடிக்க வேண்டியதில்லை. இந்த முறை பலகையைத் தள்ளித் தள்ளிப் பார்க்கவில்லை. சுவரோரம் இருபத்துநான்கு அடி அளந்து ஒரு கோடு போட்டார். "இங்கிருந்து ஆரம்பிங்க" என்றார் தச்சரிடம். மரச்சட்டம், சாரப்பலகை, வழுக்காமல் இருக்கக் குறுக்கே மெல்லிய ரீப்பர் கட்டைகள். மாலைக்குள் முடிந்தது. அவர் வாழ்க்கையில் கணக்குப் போட்டுக் கட்டிய முதல் வேலை அது.

ஒரு வாரம் ஒருவரும் கண்டுகொள்ளவில்லை. எட்டாவது நாள் கண்டறியும் அலுவலரும் இணை இயக்குநரும் சேர்ந்து வந்தார்கள். வருட முடிவு. இலக்கில் இன்னும் ஒன்பது குறைந்தது.

இணை இயக்குநர் பலகையைச் சுற்றி வந்தார். நாடாவைப் பிடித்தார். முகம் மலர்ந்தது. "இதுவும் ஒண்ணுக்குப் பன்னி..."

அக்கா ஜன்னலை விட்டுக் கதவருகே வந்திருந்தார். மாவுக்கட்டு மடியில். வலது கை உதவாத அந்த நாட்களிலும் ஒரு பயிற்சிப் பெண்ணைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு மருந்து கொடுத்துக்கொண்டிருந்தார்.

"சார், இதுல கணிதம் இருக்குன்னு சொல்றீங்களா?"

"தெளிவா இருக்கும்மா."

"யாரு வச்சது?"

"உங்க தம்பிதானே கட்டினார்?"

"அவனுக்குக் கணிதம் தெரியாதுன்னு போன வாரம் நீங்கதானே எழுதி அனுப்பினீங்க? முப்பத்திநாலு. தெரியாத ஒருத்தன் எப்படி சார் வைப்பான்? முதல் தடவை தெரியாம வந்துடுச்சு, சரி. இப்போ பன்னிரண்டு வாரம் நீங்களே சொல்லிக் குடுத்து, நீங்களே சோதிச்சு, இல்லைன்னு முடிவு பண்ணியிருக்கீங்க. இதுல கணிதம் இருந்தா அப்போ உங்க தேர்வுதான் தப்பு."

இணை இயக்குநர் நாடாவைச் சுருட்டினார். "எங்க தேர்வு தப்பாகாது."

"அப்போ?"

அவர் அலுவலர் பக்கம் திரும்பினார். அலுவலர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மெதுவாக, "தேர்வு முடிவோட பாத்தா இதுல கணிதம் இருக்க வாய்ப்பில்லைதான் சார்" என்றார்.

"வெறும் பலகை" என்று முடிவாகச் சொன்னார் இணை இயக்குநர்.

"அதை எழுதிக் குடுத்துடுங்க சார்" என்றார் அக்கா. "நாளைக்கு வேற யாராவது இருமலோட வந்து கண்டுபிடிச்சுடக் கூடாது."

எழுதிக் கொடுத்தார்கள். 'மேற்படி பலகைச் சரிவில் கணிதம் ஏதும் இல்லை எனச் சான்றளிக்கப்படுகிறது.' முத்திரை, இரண்டு கையெழுத்து. ஆணையத்தின் எட்டு வருட வரலாற்றில் இப்படி ஒரு சான்று அதுவரை யாரும் கேட்டதில்லை. கொத்தனார் அதற்குச் சட்டம் போட்டுக் கதவுக்குமேல் அடித்தார். அன்றிலிருந்து முழங்கால் வலிக்காரர்களும் பிள்ளை வண்டிகளும் தண்ணீர்க் கேன்களும் சந்து வழியாகவே போய் வந்தன.

டீச்சர் மட்டும் ஒரு நாள் வந்து பார்த்தார். சான்றிதழைப் படித்தார். பலகையில் ஏறி இறங்கினார். கொத்தனாரைத் தனியாகக் கூப்பிட்டு, "என் மாணவர்கள்லேயே நீங்க ஒருத்தர்தான் படிச்சதை வச்சு ஏதாவது செஞ்சிருக்கீங்க. வெளியில சொல்லிடாதீங்க" என்று சொல்லிவிட்டுப் போனார்.

மாவுக்கட்டை எடுத்தபின் அக்கா தானே நாற்காலியை உருட்டி ஏறுவதற்கு மேலும் ஒரு மாதம் ஆயிற்று. கை முன்புபோல் இல்லை. நடுவில் ஒரு தடவை நின்று ஏறுவார். அதற்கு எண் எதுவும் உண்டா என்று கொத்தனார் யாரிடமும் கேட்கவில்லை. நடுவில் கொஞ்சம் சமதளம் போட்டுக் கொடுத்தார்.

ஒரு நாள் காலை கண்டறியும் அலுவலர் சந்து வழியாக ஏறி வந்தார். தோளில் குழந்தை. காய்ச்சலில் கண் செருகிக் கிடந்தது. டாக்டர் எழுதிய சீட்டை ஜன்னலுக்குள் நீட்டினார். 

அக்கா சீட்டைப் பார்த்தார். "குழந்தை எடை என்ன?"

"இப்பதான் பாத்தாங்க. பதினொரு கிலோ."

அக்கா மருந்துப் புட்டியைத் திருப்பி, அதில் இருந்த பொடி எழுத்தைப் படித்தார். உதட்டுக்குள் ஏதோ பெருக்கினார், ஏதோ வகுத்தார். ஊசியில்லாத சிரிஞ்சில் மருந்தை இழுத்து ஐந்தரைக் கோட்டில் நிறுத்தினார். வெளிச்சத்தில் பிடித்து, ஒரு சொட்டைத் திரும்பப் புட்டிக்குள் விட்டார்.

அலுவலரின் கை, அவரை அறியாமல், சட்டைப் பையிலிருந்த குறிப்பேட்டுக்குப் போயிற்று.

அக்கா சிரிஞ்சை அப்படியே பிடித்துக்கொண்டு அவரைப் பார்த்தார். "என்ன சார்? இங்க ஏதாவது தெரியுதா?"

குழந்தை தோளில் முனகியது. அவர் கையை வெளியே எடுத்து அதன் முதுகில் வைத்தார்.

"இல்லைக்கா. ஒண்ணும் தெரியலை."

அக்கா குழந்தையின் கன்னத்தோரம் சிரிஞ்சை வைத்து மெல்ல அழுத்தினார். ஒரு சொட்டும் சிந்தவில்லை. "ஆறு மணி நேரம் கழிச்சுத் திரும்ப இதே அளவு குடுங்க. கூடவும் வேண்டாம், குறையவும் வேண்டாம்" என்று இரண்டு முறை சொல்லிவிட்டு, வரிசையில் அடுத்தவரைக் கூப்பிட்டார்.